மீசைக்காரருக்கு வீடு பார்த்தவர்

தேங்காயை உடைத்தால் எல்லாரும் உள்ளே இருக்கிற பருப்பைப் பார்ப்பார்கள். ஒரே முற்றத்தில் பல வீடுகள் சேர்ந்த எங்கள் வளவில் குடியிருந்த புரோக்கர் மாமா சிரட்டையைத்தான் பார்ப்பார். பருப்பைச் சுரண்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கைக்கு வந்ததும் கவிழ்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ரூம் தாராளமா வரும்" என்பார். ஒருமுறை அய்யனார் கோவிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பூசாரியிடமே, "சாமி, ரெண்டாப் பொளக்காம, ஓரத்துல ஒரு வாசல் மட்டும் விடுத மாதிரி உடைக்க முடியுமா?" என்று கேட்டார். பூசாரி அய்யனாரைத் திரும்பிப் பார்த்தார். அய்யனார் எதுவும் சொல்லவில்லை.

மாமா ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவர். வெள்ளைச் சட்டை, ஒரு மொபெட், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. மில்லில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மாற்றலாகி வந்த வாத்தியார்கள், மகளைத் தனிக்குடித்தனம் வைக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள் என்றால் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "நீள்ளு பாகா வஸ்தாயி" என்று இவரே முந்திக்கொள்வார். தண்ணீர் நன்றாக வரும் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த தெலுங்கு அவ்வளவுதான். அதற்கு மேல் தெலுங்கு தேவைப்பட்டதும் இல்லை.

தொழிலில் அவருக்கு ஒரு முறை உண்டு. நல்ல வீட்டை ஒருநாளும் முதலில் காட்ட மாட்டார். "மொத ரெண்டு வீடு கண்ணு கழுவ" என்பார். ஒரு வீட்டில் அடுப்படியில் நின்றால் கக்கூஸ் கதவு தெரியும். இன்னொரு வீட்டில் சுவரில் ஈரம் ஏறி, பாகிஸ்தான் படம் மாதிரி, ஆஸ்திரேலியா படம் மாதிரி திட்டுத்திட்டாய் இருக்கும். இவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கண்ணுகழுவி வீடு'. இரண்டையும் பார்த்து முகம் சுண்டிப்போன குடும்பத்தை மூன்றாவதாக ஒரு சுமாரான வீட்டுக்குக் கூட்டிப்போவார். "ஆத்தாடி, இது அரமணைலா!" என்று அந்த அம்மா வாயில் கைவைக்கும்போது, மாமா வெளியே மொபெட்டை ஸ்டார்ட் பண்ணியிருப்பார்.

இப்படி ஊருக்கே வீடு பார்த்துக் கொடுத்தவரிடம், இரண்டு வருஷமாக வீடு பிடிக்கவில்லை என்று முரண்டு பிடித்தது ஒரே ஒரு பார்ட்டிதான். அது அவருடைய முன்னறையில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது.

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, கடையில் சக்கர் என்று சொல்வார்களே, அந்த மீன். அதில் இது மீசை வகை; தொட்டியில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஆணுக்கு மூக்கைச் சுற்றிக் கிளைகிளையாய் மீசை. பெண்ணுக்கு மொழுமொழுவென்ற முகம். மற்ற மீன்களைப் போலக் கண்ட இடத்தில் முட்டை இடுகிற வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. முதலில் ஆண் போய் ஒரு பொந்தைப் பார்க்க வேண்டும். சுற்றிப் பார்த்து, உள்ளே படுத்துப் பார்த்து, திருப்தி என்றால்தான் பெண்ணைக் கூப்பிடும். பெண் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது அப்பன் வேலை.

இதற்கென்றே செய்த பொந்து அலங்கார மீன் கடையிலேயே கிடைத்தது. மாமா அதன் விலையைக் கேட்டுவிட்டு, "ஏயப்பா, இந்த வாடகைக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கமே மாடி வீடு கெடைக்குமே" என்று திரும்பி வந்துவிட்டார். கடைக்காரர் பின்னாலேயே சிரித்திருக்கிறார்: "வீட்ல செஞ்சு போட்டா அதெல்லாம் போகாது அண்ணாச்சி. ஃபாரின் சரக்கு." அந்தச் சிரிப்பு மாமாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கையால் செய்த வீட்டில்தான் இந்த மீசைக்காரரைக் குடிவைப்பது என்று தீர்மானித்துவிட்டார்.

என்ன எல்லாம் செய்தார்! சிரட்டையில் வாசல் அறுத்து, பழுப்புச் சாயம் போகும்வரை வேகவைத்துப் போட்டார். பூந்தொட்டியைப் பாதி மணலில் புதைத்து வைத்தார். மூங்கிலைக் கணுவோடு வெட்டி, மிதக்காமல் இருக்க அடியில் கல்லைக் கட்டி இறக்கினார். ஓட்டுச் சில்லுகளைச் சாய்த்துக் கூடாரம் போட்டார். அதிலும் தொழில் முறை மாறாது. முதலில் அகல வாய்ச் சட்டியைப் போடுவார். "இது கண்ணுகழுவி. மூஞ்சியச் சுளிக்கட்டும்" என்று காத்திருப்பார். பிறகுதான் ஒழுங்கான வீடு இறங்கும். மீசைக்காரர் இரண்டையும் ஒரே முகத்தோடு பார்த்துவிட்டு, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வார்.

அவரை மாமா 'சார்' என்றுதான் கூப்பிடுவார். "சார், கெழக்குப் பாத்த வாசல். தண்ணிப் பிரச்சனையே கெடையாது சார்."

"தொட்டிக்குள்ள ஏதுய்யா தண்ணிப் பிரச்சனை?" என்று அடுப்படியிலிருந்து அத்தை கேட்பார்கள். மாமாவின் மனைவி. பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலை. கையும் வாயும் ஒரே வேகம்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு வேலை இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மில்லுக்குப் போகிறவர்கள். தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படிக்கப் போய்வந்ததால், வளவில் என் பெயரே 'காலேஜு' ஆகிவிட்டது. மின்சார பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் இங்கிலீஷ் எதுவானாலும் என்னிடம் வரும். மாமா போனில் தேடி எடுத்த மீன் சமாச்சாரமும் வந்தது. பரீட்சைக்குப் படிப்பதைவிட அதை ஒழுங்காகப் படித்தேன்.

"ஏலே காலேஜு, என்ன சொல்லுதான் வெள்ளக்காரன்?"

"குகை எப்படி இருக்கணும்னா மாமா..."

"குகையா? அதுல சாமியார்லா இருப்பாரு. வீடுன்னு சொல்லு."

"வீடு... நுழையும்போது ரெண்டு பக்கமும் உடம்பு உரசணுமாம். பின்பக்கம் அடைச்சிருக்கணுமாம். நீளம் மீனைவிடக் கொஞ்சம் கூட இருந்தாப் போதுமாம்."

மாமா கண்ணை மூடி யோசித்தார். "சிங்கிள் ரூமு. ஜன்னல் கெடையாது. பேச்சிலர் போர்ஷன்."

உடம்பு உரச வேண்டும் என்று நான் சொன்னதை அவர் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார். மறுவாரம் மில்லிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோன் வந்தது. நூல் சுற்றுவதற்கு வைத்திருப்பார்களே, ஒரு பக்கம் அகலமாய், மறுபக்கம் போகப்போகக் குறுகி. மாமா அதைத் தொட்டியில் வைத்த கால்மணி நேரத்தில், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மீசைக்காரர் தாமாகவே உள்ளே போனார். மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். மீசைக்காரர் இன்னும் உள்ளே போனார். இன்னும் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த மீனுக்குக் கன்னத்தில் முள் உண்டு. பயந்தால் குடை மாதிரி விரித்துவிடும். விரித்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"ரிவர்ஸ் இல்லையேலே!" என்று மாமா அலறிய அலறலில் வளவு மொத்தமும் வாசலில் நின்றது. அத்தை துணி துவைக்கிற டப்பில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, கோனை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாமா ஆக்ஸா பிளேடால் அறுத்தார். நான் டார்ச் அடித்தேன்.

"மெதுவா அறுங்க, வயித்துல பட்றப் போகுது. ஏலே, வெளிச்சத்தத் தலைப் பக்கம் காட்டு. வந்துட்டான், வந்துட்டான், இன்னும் கொஞ்சந்தான்..." என்று அத்தை பிரசவம் பார்ப்பது போல ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோன் விரிந்தது. மீசைக்காரர் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்து டப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். வளவே கைதட்டியது.

மாமா மட்டும் தரையில் உட்கார்ந்து டப்பைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு என் மேலதான் சார். வாசலப் பாத்தேன், பின்கட்டப் பாக்காம விட்டுட்டேன்."

தொழில் நேரத்திலும் இந்த நினைப்பு அவரை விடாது. வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. இரண்டு கண்ணுகழுவி வீடு காட்டி முடித்து, மூன்றாவது வீட்டில் அந்த அம்மாள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமாவைக் காணோம். பின்வாசலில் உடைந்து கிடந்த ஒரு மண் குழாய்க்குள் கையை முழங்கை வரை விட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "இவரு நமக்கு வீடு காட்ட வந்தாரா, பழைய சாமான் பொறுக்க வந்தாரா?" என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதை மாமாவே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் குழாய்த் துண்டு மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் இப்படிச் சிரிப்பாய்ப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அத்தை ஒருநாள் கூரையைக் காட்டினார்கள்.

முன்னறைக் கூரையில் தொட்டில் கட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. அதற்கு நேர் கீழே மீன் தொட்டி. பக்கத்தில் மாமாவின் கட்டில். அதோடு அறை முடிந்தது. அவர்களுடைய ஒரே மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனிக் கடைசியில் வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவாள். பிள்ளை பிறப்பது ஆவணியில்.

"இங்க பாருங்க. எம் பேரப்புள்ள இந்தக் கொக்கியிலதான் தூங்கணும். அதுக்குள்ள உங்க மீனு முட்டை போட்டாப் போட்டுச்சு, வேற எடம் யோசிப்போம். இல்லேன்னா தொட்டி கடைக்காரன்ட்ட போயிரணும்."

"ஏட்டி, அவன் சிரிப்பாம்ட்டி."

"சிரிக்கட்டும். புள்ள அழுவக் கூடாதுல்லா."

ஆவணிக்குள் மீசைக்காரர் குடிபோயாக வேண்டும். போகாவிட்டால், தொட்டியை எந்தக் கடைக்காரர் சிரித்தாரோ அவரிடமே சுமந்துகொண்டு போக வேண்டும்.

மகள் வந்தாள்; நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். புரோக்கருக்கு வேலையே இல்லாத மாதம். மொபெட்டைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, மாமா முழு நேரமும் இறங்கினார். பிவிசி குழாயை அளவாக அறுத்தார். ஒரு முனைக்கு மூடி மாட்டினார். உள்ளே மீன் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெளியே சிலிக்கான் பசையைத் தடவி ஆற்று மணலில் புரட்டி எடுத்தார். பசையின் புளித்த வாடை போகும்வரை பக்கெட்டுத் தண்ணீரில் ஊறப் போட்டார். காய்ந்து வந்தபோது, நிஜமாகவே ஆற்றங்கரையில் கிடந்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்தது போல இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பிவிசி குழாயை நான் பார்த்ததில்லை.

மாமா அதற்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார். செய்தித்தாளில் சுற்றினார். பீரோவுக்கு மேலே வைத்தார்.

"தொட்டியில போடலையா மாமா?"

"ஆடியிலயா?" என்னை அவர் பார்த்த பார்வையில் என் படிப்பு மொத்தமும் உதிர்ந்தது. "எவனாவது ஆடியில குடிபோவானாலே? ஆவணி மொத முகூர்த்தத்துல, ஒரு சொட்டுப் பாலக் காய்ச்சி இறக்கிட்டு, பொறவுதான் உள்ள வைக்கணும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். "மீனுக்கு ஏதுய்யா ஆடி?"

"நம்ம ஊருத் தண்ணியத்தான குடிக்கி? அப்ப அதுக்கும் ஆடிதான்."

நாட்கள் போயின. ஒருபக்கம் அக்காவின் வயிறு வளர்ந்தது. மறுபக்கம் தொட்டியில் பெண் மீனின் வயிறும் உப்பிக்கொண்டே வந்தது. வீடு மட்டும் பீரோ மேல் இருந்தது. அக்கா கால் வீங்கி, வேறு வேலை எதுவும் இல்லாமல், நாள் முழுக்கத் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். "பாவம்டா தம்பி, அவளப் பாரு. எனக்காவது படுக்க எடம் இருக்கு" என்பாள் என்னிடம்.

அக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் அடுப்பு வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் பால்கோவாவோடு வருவார். அப்போது அவர்கள் கடையில் புதுசாய் மண் கலயத்தில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். உருண்டை வயிறு, சின்ன வாய். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னதால் அக்கா இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சம் வளவுக்கு.

அந்த ஞாயிறும் அப்படித்தான். மத்தியானம் மாமா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா காலிக் கலயத்தைச் சுடுதண்ணீர் ஊற்றி, பிசுபிசுப்புப் போகும்வரை தேய்த்துக் கழுவினாள். சோப்பு போடக் கூடாது என்று நான் வாசித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. சேலையைச் சொருகிக்கொண்டு, ஸ்டூலைப் பிடித்து மெல்ல எழுந்து, கலயத்தைத் தொட்டிக்குள் படுக்கவைத்தாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைப் பார்ப்பார். பார்த்தார்.

"ஏட்டி! பார்ட்டியக் காணோம்!"

ஃபில்டர் பின்னால் இல்லை. கண்ணாடியில் இல்லை. நான் ஓடி வந்தபோது மாமா தொட்டியைச் சுற்றி, அறை இடம் கொடுத்த அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கலயத்தைப் பார்த்தார். கலயத்தின் வாயில் இரண்டு மீசை நுனி.

"யாரு போட்டது?"

"நாந்தான்ப்பா."

"ஆடியில... பால்கூடக் காய்ச்சாம..." மாமா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சட்டென்று எழுந்து கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கலயத்தைத் தூக்கப் போனார். மீசைக்காரர் பாதி வெளியே வந்து விரலில் ஒரு முட்டு முட்டிவிட்டு, திரும்பி உள்ளே போய் வாலைக் காட்டிப் படுத்துக்கொண்டார். மாமா விரலைப் பார்த்துக்கொண்டே, "காலி பண்ண மாட்டேங்காருலே" என்றார்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாள். "ஏம்ப்பா, பால் காய்ச்சாமக் குடிபோகக் கூடாது. அம்புட்டுதான?"

"ஆமா."

"அது பால்கோவாச் சட்டிப்பா. அதுக்குள்ள எம்புட்டுப் பாலக் காய்ச்சி வச்சிருந்தாங்கன்னு உங்க மருமகங்கிட்டக் கேளுங்க. ஊர்ல எல்லாரும் ஒரு சொம்பு காய்ச்சிட்டுப் போறான். இவுகளுக்கு அண்டாக் கணக்குல காய்ச்சிருக்கு."

மாமாவின் முகத்தை நான் இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். முதலில் வாய் திறந்தது. பிறகு கண் விரிந்தது. பிறகு அவர் வளவு நடுவில் போய் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! நம்ம சார் குடிபோயிட்டாரு! பால் காய்ச்சியாச்சு!" அத்தை வெளியே வந்து, "எங்க ரெண்டு வருசமா நீங்க போட்ட வீடெல்லாம்?" என்று கேட்டதற்கு, "அம்புட்டும் கண்ணுகழுவிட்டி! ரெண்டு வருசம் கழுவுனதுனாலதான் இன்னைக்கி இது அரமணையாத் தெரியுது" என்றார்.

சில நாளில் பெண் மீனும் உள்ளே போய்த் திரும்பியது. ஆடி முடிகிற நேரம், டார்ச் அடித்துப் பார்த்தால் கலயத்துக்குள் ஆரஞ்சு நிற ஜவ்வரிசிக் கொத்து. அதன் மேல் மீசைக்காரர் படுத்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தார். தீனி போட்டாலும் வெளியே வருவதில்லை.

செய்தி பரவியது. வளவுப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார்கள். "நல்லாப் பாருங்க. ஆம்பளதான் அதுவும். மீசையப் பாருங்க. பொண்டாட்டிய வெளிய அனுப்பிட்டு, சோறு தண்ணியில்லாம புள்ளையப் பாக்கான்." ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "அதுக்கு மில்லுல நைட் ஷிஃப்ட்டு இல்லைல்லா" என்று முனகினார்.

அத்தை மாமாவைப் பார்த்துக் கேட்டார்கள். "எனக்கு இவ பொறக்கையில நீங்க எங்க இருந்திய?"

மாமா டார்ச்சை அணைத்தார்.

"மகாராஜபுரத்துல எவனுக்கோ வீடு காட்டிக்கிட்டு இருந்தாவ. புள்ள மொகத்த மறுநாத்தான் பாத்தாவ" என்று அத்தையே எங்களுக்குப் பதில் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. ஆடி முழுக்கக் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் குடிபோகும். புரோக்கருக்கு அது தீபாவளி மாதிரி. மாமா வெள்ளைச் சட்டையில், சாவிக் கொத்தோடு மொபெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தபோது, உள்ளே அக்கா, "அம்மா" என்றாள். அந்த 'அம்மா' வேறு மாதிரி இருந்தது.

மாமா மொபெட்டிலிருந்து இறங்கினார். ஆட்டோ வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்து, "ஏலே காலேஜு, தொட்டிய விட்டு நகராத. பயந்தா அப்பனே முட்டையத் தின்னுருவான்" என்றார்.

நான் நகரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"ஏலே, உள்ள இருக்கானா?"

"இருக்கான் மாமா."

"விசிறுதானா?"

"விசிறுதான்."

"ஒண்ணையும் தின்னுரலையே?"

பிரசவ வார்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டால் சுற்றி இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாராம். நாலாவது போனில் அத்தையின் குரல் இடையில் புகுந்தது. "குடுங்க இங்க. உள்ள நம்ம புள்ள வலியில கெடக்கா, இவுகளுக்கு மீனு கேக்குதாம் மீனு. ஏலே காலேஜு, போன வையி." பிறகு குரல் தாழ்ந்தது. "செத்த இரு. எல்லாம் பத்திரமா இருக்காலே?"

"கொஞ்சம் பொரிஞ்சிருச்சு அத்தை. வால் தெரியுது."

"ஆத்தீ!" என்று அத்தை கத்திய கத்தலுக்கு நர்ஸ் வந்து திட்டினார்களாம்.

நடுவில் மாமாவுக்கு வேறு போன்களும் வந்தன. சாவிக்காகக் குடும்பங்கள் வீட்டு வாசலில் பால் பாத்திரத்தோடு நிற்கின்றன. ஒருவர் ஆளையே அனுப்பி, சாவிக் கொத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போனார். புதுப் பார்ட்டி ஒருவர், இப்போதே வந்தால் பெரிய வீடு முடித்துவிடலாம் என்றாராம். மாமா சொன்ன பதிலை அத்தை பிறகு பல தடவை எங்களிடம் சொல்லிக் காட்டினார்கள்: "இன்னைக்கி நான் வாசல விட்டு நகர முடியாதுங்க. வேற ஆளப் பாத்துக்கிடுங்க." சாப்பாடு வாங்கி வந்தார்களாம். அதையும் தொடவில்லையாம். கதவு திறந்து பிள்ளையைத் தூக்கி வந்தபோது முதலில் பார்த்தது அவர்தான். ஆண் பிள்ளை.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அழ ஆரம்பித்தது. பால் குடித்தது, அழுதது. அக்கா ஆட்டினாள், அழுதது. அத்தை எங்கேயோ சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கால் வைத்த கம்பித் தொட்டில் ஒன்றை மாட்டி எடுத்து வந்திருந்தார். அதை வைக்க இடம் இல்லாமல் வாசலிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மீன் தொட்டியில் கலயம் அப்படியே இருந்தது. உள்ளே குஞ்சுகள், வாசலில் மீசை. அத்தை கொக்கியைப் பார்த்தார்கள். கலயத்தைப் பார்த்தார்கள். எனக்கு, இதோ சொல்லிவிடுவார்கள், இதோ தொட்டி போகிறது என்று இருந்தது.

"குடு இங்க. பார்ட்டிக்கு எடம் புடிக்கல" என்று மாமா பிள்ளையை வாங்கினார்.

நேரே அடுப்படிக்குக் கொண்டு போனார். "சார், இது அடுப்படி. கொஞ்சம் வெக்கை. பக்கத்துலயே கக்கூஸ்." பிள்ளை வீறிட்டது. பின்வாசலுக்குப் போனார். "இது பின்கட்டு. காத்து வரும், கொசுவும் வரும்." பிள்ளை கறுத்துப்போய்க் கத்தியது. மாமா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "கண்ணு கழுவியாச்சு." முன்னறைக்கு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் குமிழி விடுகிற இடத்தில், கண்ணாடியை ஒட்டி நின்றார்.

"இது பாருங்க சார். கெழக்குப் பாத்தது. பால் காய்ச்சியாச்சு. அக்கம்பக்கம் நல்ல குடும்பம்."

குமிழி 'குளுகுளு' என்றது. பிள்ளை ஒரு தடவை விம்மியது. வாயைக் கோணியது. நிறுத்தியது. கண் சொருகியது.

அத்தை குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்கள். "மாப்ள, அந்தக் கட்டிலக் கழட்டி வெளிய போடுங்க. கம்பித் தொட்டில இங்கன கொண்டாங்க."

"அப்ப மாமா எங்க அத்த படுப்பாவ?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஊருக்கே வீடு பாத்தவிய. அவியளுக்கு ஒரு எடம் கெடைக்காமலா போயிரும்?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையில், நெஞ்சிலிருந்து இடுப்பு வரை, சூடாக ஒரு கோடு இறங்கியது. அத்தை பதறிப்போய்ப் பிள்ளையை வாங்க வந்தார்கள். மாமா நகரவில்லை.

"சத்தம் போடாதட்டி," என்றார். "பார்ட்டி அட்வான்ஸ் குடுக்காரு."